பாலிஷ் மெஷின் வாங்கப் போகும் மாப்பிள்ளைக்கு

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய மூன்று மெஷின் படங்களும் வந்து சேர்ந்தன. அக்காவும் போனில் விவரம் சொன்னாள். கரூர் பைபாஸ் ஓரம் ஷெட் பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாயாம். கார் பாலிஷோடு, பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலிருந்து அலுமினியம், எவர்சில்வர் ஃபினிஷிங் வேலையும் எடுக்கப் போகிறாயாம். ஊருக்கு ஏற்ற யோசனைதான். பஸ் பாடி கட்டுவதில் கரூருக்கு இருக்கும் பேர் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இந்த மூணுல எது ரெண்டு வேலைக்கும் ஆகும் மாமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் பெயின்டுக்கும் உலோகத்துக்கும் பொதுவாக ஒரு மெஷின் என்று கேட்டால், நீ அனுப்பிய படத்தில் நடுவில் இருக்கும் ஏழு இஞ்ச் ரோட்டரி ஓரளவு ஒப்பேற்றும். ஆனால் நீ முதலில் வாங்க வேண்டியது அது இல்லை. ஏன் என்று புரிய, மெஷினை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பெயின்டைப் பற்றிப் பேச வேண்டும்.

கம்பெனியிலிருந்து வரும் காரில் தகட்டின் மேல் ஈ.டி. பிரைமர், அதன் மேல் சர்ஃபேஸர், அப்புறம் கலர் இருக்கும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் பேப்பர் ஒன்றின் கனமே சுமார் 100 மைக்ரான் வரும். இதில் நீ கை வைக்கக்கூடிய பகுதி கிளியர் கோட் மட்டும். அது பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். அந்த ஐம்பதையும் நீ எடுத்துக்கொள்ள முடியாது. வெயிலைத் தாங்குவது அந்த அடுக்குதான். பாதிக்கு மேல் தேய்த்துவிட்டால் வண்டி உன் ஷெட்டிலிருந்து பளபளவென்று போகும். ஒன்றிரண்டு கோடைக்குப் பிறகு பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை பூத்து, அப்பளம் மாதிரி உரிய ஆரம்பிக்கும். தெருவில் அப்படி உரிந்த வண்டிகளைப் பார்த்திருப்பாய். எல்லாம் பாலிஷால் வந்தது என்று சொல்லமாட்டேன், ஆனால் சிலது நிச்சயம் பாலிஷால் வந்தது.

காம்பவுண்ட் போட்டு ஒரு கட்டிங் ஓட்டினால் ஒன்றிலிருந்து மூன்று மைக்ரான் வரை போகும். ஃபைன் பாலிஷுக்கு அதைவிடக் குறைவு. ஆரஞ்சு பீல் என்கிற, ஆரஞ்சுத் தோல் மாதிரியான மேடுபள்ளத்தை எடுக்க 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டால் அதைவிட ரொம்ப அதிகம். ஒரு கார் தன் ஆயுளில் எத்தனை முறை முழு கட்டிங் தாங்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆகவே பாலிஷ் மெஷினிடம் நான் பார்க்கும் முதல் குணம், எவ்வளவு வேகமாகத் தேய்க்கும் என்பதில்லை. எவ்வளவு கொஞ்சமாகத் தேய்க்கச் சொன்னாலும் சொன்னபடி கேட்குமா என்பதுதான்.

இதற்காகவே, மெஷினுக்கும் முன்னால் ஒரு பெயின்ட் கேஜ் வாங்கு. உள்ளங்கையில் அடங்கும் சின்ன மீட்டர். இரும்புத் தகட்டில் காந்த முறையிலும், அலுமினியத்தில் சுழல் மின்னோட்ட முறையிலும் கனத்தைச் சொல்லும். ரெண்டையும் அளக்கும் மாடலாகப் பார்த்து வாங்கு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே அந்த மீட்டர் வேலை செய்யாது. ஒரு கதவில் 120, பக்கத்துக் கதவில் 280 என்று காட்டினால் ரெண்டாவது கதவு மறுபடி பெயின்ட் அடித்தது. ஆயிரத்துக்கு மேல் போனால் உள்ளே பட்டி இருக்கிறது. எண்பதுக்குக் கீழே காட்டும் இடத்தில் உனக்கு முன்னால் யாரோ நன்றாகவே தேய்த்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இடத்தை மெஷினால் தொடாதே. வேலை தொடங்கும் முன் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே அளந்து, எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள். பின்னால் வரும் வாக்குவாதத்தில் பாதி அந்தச் சீட்டிலேயே முடிந்துவிடும்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். நீ அனுப்பிய முதல் படம், நாலு இஞ்ச் கிரைண்டர், கடையில் ஏஜி ஃபோர் என்பார்கள். அதில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டும் அடாப்டரும் சேர்த்து ஆஃபரில் தருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த மெஷின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்கு 11,000 சுற்று. நூறு மில்லிமீட்டர் வட்டத்தின் ஓரம் அந்த வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஓடுகிறது. கார் பெயின்டில் ரோட்டரியை 1500 சுற்றில், 150 மில்லிமீட்டர் பேடோடு ஓட்டினால் ஓர வேகம் நொடிக்கு 12 மீட்டர் கூட வராது. ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார். தேய்மானத்தை விடு, உரசலில் வரும் சூட்டுக்கே கிளியர் கோட் இளகிவிடும். போதாக்குறைக்கு அந்த ஸ்பாஞ்ச் பேட் அந்த வேகத்துக்குச் செய்ததும் இல்லை. பேடின் முதுகில் அதிகபட்ச வேகம் போட்டிருக்கும், கண்ணாடி போட்டுப் படித்துப் பார். பிய்ந்து பறந்தால் முகத்தில்தான் வந்து விழும்.

"ரெகுலேட்டர் இருக்கு, குறைச்சு வெச்சுக்கலாம்" என்று கடைப்பையன் சொல்வான். மலிவான மெஷினில் வேகத்தைக் குறைத்தால் இழுவையும் சேர்ந்து குறையும். பேடை அழுத்தினால் நின்றுவிடும், கையைத் தூக்கினால் பாயும். அப்படி ஒரு மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மைக்ரானை அளந்து எடுக்க முடியாது. கிரைண்டர் உனக்கு வேண்டியதுதான், வெல்டிங் தட்டவும் ஃபிளாப் டிஸ்க் போடவும். கார் இருக்கும் பக்கம் அதைக் கொண்டு வராதே.

ரெண்டாவது படம் ரோட்டரி. 180 மில்லிமீட்டர், 1200 வாட் சொச்சம், 600 முதல் 3000 சுற்று வரை டயலில் வைக்கலாம். பேட் ஒரே அச்சில் கிறுகிறுவென்று சுற்றும். பெயின்டிங் ஷெட்டுகளில் பெரியவர்கள் எல்லோரும் இதில்தான் கை தேர்ந்தார்கள், இன்றும் இதைத்தான் நம்புவார்கள். அவர்கள் நம்பிக்கை தப்பில்லை. ஆழமான கீறலையும் வாட்டர் பேப்பர் தடத்தையும் இதைப்போல வேகமாக எடுக்கும் வேறு மெஷின் கிடையாது. கம்பளி பேட் மாட்டினால் இன்னும் வெட்டும். ஆனால் இழுவையும் சூடும் ஒரே இடத்தில் குவியும். தகட்டின் மடிப்பு, கதவு ஓரம், வீல் ஆர்ச், இங்கெல்லாம் பெயின்ட் ஸ்ப்ரே அடிக்கும்போதே மெலிதாகத்தான் உட்கார்ந்திருக்கும். பேட் ஒரு நொடி அங்கே தங்கினால் பிரைமர் எட்டிப் பார்க்கும். பம்பர் இன்னும் மோசம். இரும்புத் தகடு சூட்டை இழுத்துப் பரப்பிவிடும், பிளாஸ்டிக்கில் சூடு விழுந்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் ரோட்டரியில் எரிந்துபோகும் பெயின்ட் பெரும்பாலும் பம்பர் மூலையில் இருக்கிறது.

எரிக்காமல் ஓட்டினாலும் இன்னொரு வம்பு உண்டு. கறுப்பு, கருநீல வண்டிகளை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பேட் போன பாதையெல்லாம் வானவில் மாதிரி கோடு கோடாக மின்னும். ஹாலோகிராம் என்கிறார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் தெரியாது. டெலிவரி எடுத்துப் போனவர் மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பி வருவார்.

மூன்றாவது படம் டி.ஏ., அதாவது டூயல் ஆக்‌ஷன் மெஷின். நீ விலையைப் பார்த்து அதைக் கடைசியில் வைத்திருக்கிறாய். நான் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்லுவேன். இதில் பேடின் மையம் அச்சிலிருந்து விலகி இருக்கும். மாவு சலிக்கும்போது சல்லடை போடுகிற சின்ன வட்டம் இருக்கிறதல்லவா, அப்படி ஒரு வட்டத்தைப் பேட் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் போட்டுக்கொண்டே தானும் மெதுவாகச் சுற்றும். ரெண்டு அசைவும் கலப்பதால் தேய்மானம் ஒரே தடத்தில் விழாது, சூடும் பரவிவிடும். ஹாலோகிராம் வருவது அபூர்வம். புதுப் பையன் ஒருவனை வேலைக்கு வைத்தால் ஒரு வாரத்தில் அவன் கையில் கொடுக்கலாம். ரோட்டரியை அப்படிக் கொடுக்க எனக்குத் தைரியம் வராது.

டி.ஏ.விலும் ரெண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் பேட் சுற்றுவது தன்னிச்சை. அழுத்தினாலோ, பேட் வளைவில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாலோ சுற்று நின்றுபோய் வெறுமனே அதிரும். அதிர்ந்தால் வேலை நடக்காது, ஆனால் பெயின்டுக்கும் கெடுதல் இல்லை. கற்றுக்கொள்பவனுக்கு இது பெரிய பாதுகாப்பு. இன்னொன்றில் பல் சக்கரம் வைத்து வலுக்கட்டாயமாகச் சுற்றவைப்பார்கள். ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி 3401 மாடல் அந்த வகையில் பேர்பெற்றது. அது வளைவிலும் நிற்காது, வேலை வேகம், கை கொஞ்சம் இழுபடும். உனக்கு முதல் வகை போதும். பேட் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிய, பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வை. கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் பேட் நின்றுவிட்டது என்று அர்த்தம், அழுத்தத்தைக் குறை.

வீச்சு என்று ஒரு எண் சொல்வார்கள்: 8, 12, 15, 21 மில்லிமீட்டர். பேட் போடும் அந்தச் சின்ன வட்டத்தின் அளவு அது. பெரிய வீச்சு அகலமான பானெட், கூரைக்கு வேகமாக இருக்கும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி 15, 21 வீச்சு மெஷின்களைப் பிரபலமாக்கியது. இப்போது சீன மெஷின்களும் அதே அளவில் நிறைய வருகின்றன. நம் ஊரில் நிறைய ஓடும் சின்ன ஹேட்ச்பேக் கார்களில் கதவுக்கே நாலு மடிப்பு. 21 வீச்சை அங்கே வைத்தால் தடுமாறும். 15 வீச்சு, 125 மில்லிமீட்டர் பிளேட், அதற்கு 150 பேட். இந்த அளவில் ஒன்று எடு, பெரும்பாலான வேலை முடியும். மிர்ரர் ஓரம், கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழி, பில்லர் இதற்கெல்லாம் மூன்று இஞ்ச் மெஷின் ஒன்று பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கையாலேயே செய்.

கடைக்குப் போனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து மயங்காதே. அது மெஷின் கரண்ட் குடிக்கும் கணக்குதான். பேடில் வந்து சேரும் சக்தி வேறு. வேறு சில விஷயங்களைக் கையாலும் காதாலும் பார். டயலை ஒன்றில் வைத்து ஆன் பண்ணு. மெதுவாகக் கிளம்ப வேண்டும். சுவிட்ச் போட்டதும் குதித்தால் காம்பவுண்ட் உன் சட்டையிலும் கண்ணாடியிலும் தெறிக்கும். ஒரு பழைய பேனல் கேட்டு வாங்கிப் பேடை அழுத்திப் பார், வேகம் தொய்யாமல் அதே சுருதியில் ஓடுகிறதா என்று கேள். லோட் வந்தாலும் வேகத்தைப் பிடித்து வைக்கும் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறதா என்பதற்கு அதுதான் பரீட்சை. பிறகு மெஷினைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கதவைத் தேய்ப்பது மாதிரி ரெண்டு நிமிடம் பிடித்து நில். கடை மேஜை மேல் ரெண்டரை கிலோவும் மூன்றரை கிலோவும் ஒன்றாகத்தான் தெரியும். சாயங்காலம் நாலாவது கதவில் வித்தியாசம் தெரியும்.

கார்பன் பிரஷ் வெளியிலிருந்து திருகைக் கழற்றி மாற்றும் மாதிரி இருக்கிறதா பார். ஆர்மேச்சர், பிரஷ், சுவிட்ச் மூன்றும் கரூரிலோ கோவையிலோ கடையில் கிடைக்கிறதா என்று வாங்கும் முன் விசாரி. வெளிநாட்டு மெஷின் ரெண்டு மடங்கு நன்றாக ஓடினாலும், பழுதானால் ஒரு மாதம் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் உனக்கு நஷ்டம். சாதாரண பிராண்டில் நல்ல சர்வீஸ் இருந்தால் அதையே எடு. ரோட்டரி எடுக்கும் காலத்தில் அச்சு மரை எம்-14 தானா பார்த்துக்கொள். பேக்கிங் பிளேட், கம்பளி பேட் எல்லாம் இங்கே அந்த மரைக்குத்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

ஏர் மெஷின் வேண்டாம். அதற்குக் காற்று கொடுக்கப் பெரிய கம்ப்ரசர் வேண்டும், கரண்ட் பில் உன்னைத் தின்றுவிடும். பேட்டரி மெஷின் வசதிதான், ஒரு முழுக் காருக்கு ரெண்டு மூன்று பேட்டரியாவது வேண்டும். இப்போதைக்குத் தள்ளிவை. ஆனால் எக்ஸ்டென்ஷன் ஒயரில் கஞ்சத்தனம் பண்ணாதே. 1200 வாட் மெஷின் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இருபது மீட்டர் மெல்லிய ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் விழுந்து மோட்டார் சூடாகும். 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் போட்டு, ஈரத் தரையில் வேலை என்பதால், ஷாக் அடித்தால் கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி.யும் போடு.

பட்ஜெட் போடும்போது எல்லோரும் மெஷின் விலையை மட்டும் எழுதுவார்கள். பேடும் காம்பவுண்டும் துணியும் மெஷின் விலையை ஒரே வருஷத்தில் தாண்டிவிடும். ஒரு காருக்குக் கட்டிங் பேட் ரெண்டு மூன்றாவது மாற்ற வேண்டும். சூடான, காம்பவுண்ட் குடித்து ஊறிப்போன பேட் வெட்டாது, வழவழவென்று பூசிக்கொண்டு மட்டும் போகும். ஒவ்வொரு பேனல் முடிந்ததும் பிரஷ் போட்டோ ஏர் அடித்தோ சுத்தம் செய். ஒரு காம்பவுண்டுக்குப் போட்ட பேடை இன்னொரு காம்பவுண்டுக்குப் போடாதே. மஞ்சள் பேட் மென்மை, ஆரஞ்சு கடினம் என்றெல்லாம் மனப்பாடம் செய்யாதே. ஒரு கம்பெனியின் மஞ்சள் இன்னொரு கம்பெனியில் கட்டிங் பேடாக இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்.

வண்டி எதுவானாலும் முதலில் பானெட்டில் ஓரடிச் சதுரம் டேப் ஒட்டி, இருப்பதிலேயே மென்மையான பேட், ஃபைன் பாலிஷ், அதில் ஆரம்பி. கீறல் போய்விட்டால் முழு வண்டிக்கும் அது போதும். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி மேலே போ. நம்மவர்கள் தலைகீழாகச் செய்வார்கள். எடுத்த எடுப்பிலேயே ரப்பிங் காம்பவுண்ட், கம்பளி பேட், 2000 சுற்று. வேலை சீக்கிரம் முடியும், பெயின்டும் சீக்கிரம் முடியும்.

கரூர் வெயிலில் இன்னொன்றையும் கவனி. வெளியில் நின்ற வண்டியை உடனே தொடாதே. பானெட்டில் புறங்கை வைக்க முடியாத சூட்டில் காம்பவுண்ட் ஒரு நிமிடத்தில் காய்ந்து பொடியாகிவிடும், அந்தப் பொடியே புதுக் கீறல் போடும். நிழலில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஆறவிடு. அந்தத் தண்ணீர் போர்வெல் தண்ணீராக இருந்தால் காயுமுன் துடைத்துவிடு. உப்புக் கறை பெயின்டில் பிடித்துவிட்டால் அதை எடுக்கவே ஒரு தனி பாலிஷ் வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததா என்று மெஷினை நிறுத்திய உடனே முடிவு செய்யாதே. காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் கீறலுக்குள் நிரம்பி எல்லாம் போய்விட்டது மாதிரி காட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துடை துடைத்து, எல்.இ.டி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார். மிச்சம் இருப்பதெல்லாம் அப்போது வெளியே வரும். டெலிவரிக்கு முன் கட்டாயம் ஒருமுறை வெயிலில் நிறுத்திப் பார்.

உலோக வேலை வேறு உலகம். அங்கே மைக்ரான் கவலை குறைவு, வேகம் அதிகம் வேண்டும். துணிச் சக்கரத்தில் பஃப் போட ஓர வேகம் பொதுவாக நொடிக்கு 25 முதல் 40 மீட்டர் வரை வைப்பார்கள். நம் கரண்டில் ரெண்டு துருவ (டூ போல்) மோட்டார் 2880 சுற்று ஓடும். அதில் எட்டு இஞ்ச் பஃப் மாட்டினால் கணக்கு நொடிக்கு 30 மீட்டர் வந்துவிடும். கோவையில் மோட்டாருக்கா பஞ்சம்? ரெண்டு பக்கமும் அச்சு நீண்ட பஃபிங் மோட்டார் ஒன்றைத் தரையில் கான்கிரீட் போட்டு நிறுத்து. கையில் தூக்கிக் கொண்டுவரக்கூடிய கைப்பிடி, குழாய், பித்தளைச் சாமான் எல்லாவற்றுக்கும் அதுதான் மெஷின். மெஷினை நகர்த்தாமல் பொருளை நகர்த்தும்போது கை சொன்னபடி கேட்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் போட்டுக்கொள். பஃப் பளபளப்பைக் கொண்டுவரும், கீறலை எடுக்காது. கீறலை எமரியில்தான் எடுக்க வேண்டும். 120, 240, 400 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் முந்தின தடத்துக்குக் குறுக்கே தேய்த்து, பழைய கோடு முழுதாக மறைந்த பிறகே அடுத்த நம்பர். அதன் பிறகு சணல் மாதிரி முரடாக இருக்கும் சைசல் பஃப், அடுத்து தையல் போட்ட காட்டன் பஃப், கடைசியில் தையல் இல்லாத தளர்ந்த பஃப். பித்தளை, அலுமினியத்துக்கு டிரிப்போலி என்கிற பழுப்பு சோப்பு. எவர்சில்வருக்குப் பச்சை சோப்பு. ஒரு உலோகத்துக்குப் போட்ட பஃபை இன்னொன்றுக்குப் போடாதே. குறிப்பாக, இரும்பில் தேய்த்த எமரியை எவர்சில்வரில் வைத்தால் இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, மழையில் துருப் புள்ளியாகப் பூக்கும். பஸ் ஓனர் "இது எவர்சில்வரே இல்லை" என்று சண்டைக்கு வருவார்.

இந்த வேலையைக் கண்ணால் பார்த்துக் கற்க ஆசை இருந்தால் திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையத்துக்கு ஒருநாள் போய் வா. பாத்திரப் பட்டறைகளில் பாலிஷ் போடுபவர்கள் சக்கரத்தில் எந்த இடத்தில் பொருளை வைக்கிறார்கள் என்று மட்டும் பார். நடுவுக்குக் கீழே வைப்பார்கள், விளிம்பு எப்போதும் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும். மேலே பார்த்த விளிம்பைப் பஃப் கவ்வினால் பொருளைப் பிடுங்கி உன் மேலேயே எறியும். தகடாக இருந்தால் விரல் போகும். சுற்றும் பஃப் பக்கத்தில் தொளதொள கையுறை, துண்டு, முழுக்கைச் சட்டை, கழுத்துச் செயின் எதுவும் ஆகாது. கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் கட்டாயம். எவர்சில்வர் தூசியில் குரோமியம் இருக்கிறது. அலுமினியத் தூசியைச் சேரவிடாதே, இரும்பு அரைக்கும் பொறி அதன் மேல் படவிடாதே. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். உலர்ந்த மணல் ஒரு வாளி எப்போதும் பக்கத்தில் வை. கிரைண்டர் மூலையும் பஃப் மூலையும் ஷெட்டின் எதிரெதிர்க் கோடியில் இருக்கட்டும். கார் வேலை நடக்கும் இடத்துக்கும் பஃப் மூலைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவரே எழுப்பிவிடு. பஃப் தூசி கிளியர் கோட்டில் விழுந்தால் நீ செய்ததெல்லாம் வீண்.

பஸ்ஸில் கழற்ற முடியாத அகலமான அலுமினியத் தகடு, டீசல் டேங்க் இந்த மாதிரி வேலை வந்தால்தான் ரோட்டரிக்கு உலோகத்தில் இடம். 180 பேடோடு 3000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 28 மீட்டர், பஃப் வேகத்தின் கீழ் வரம்பைத் தொட்டுவிடும். ஆரம்பத்தில் அது ரெண்டுக்கும் ஓரளவு ஒப்பேற்றும் என்று சொன்னது இதனால்தான். பேடின் முதுகில் 3000க்கு மேல் எழுதியிருக்கிறதா பார்த்து, உலோகத்துக்கென்று தனி பேட் வைத்துக்கொள். அந்தப் பேடைக் கார் பக்கம் கொண்டுபோகாமல் இருக்க அதில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு வை. எவர்சில்வர் தகட்டில் ஒரே இடத்தில் அழுத்தாதே. அது சூட்டைச் சரியாகக் கடத்தாது. நீலம் பாய்ந்து தகடு நெளிந்துவிடும்.

உலோகம் என்று நினைத்து நீ ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. அலாய் வீல் பெரும்பாலும் மேலே லாக்கர் அடித்தது. அதை பாலிஷ் போடும்போது நீ தேய்ப்பது பெயின்ட்தான், அதற்குப் பெயின்ட் விதிதான் பொருந்தும். பழைய அம்பாசடர் பம்பரில் இருக்கும் குரோம் ஒரு மைக்ரான் கூட இருக்காது. கட்டிங் போட்டால் அடியில் இருக்கும் நிக்கல் மஞ்சளாக வெளியே வரும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய குரோம் பாலிஷும் கையாலேயே போதும். ஆனோடைஸ் செய்த அலுமினியப் பட்டியை பஃபில் வைத்தால் அந்தப் படலம் போய்ச் சாயம் திட்டுத்திட்டாகும். மங்கிய ஹெட்லைட்டை யாராவது கொண்டு வந்தால் தாராளமாகத் தேய்த்துக் கொடு, ஆனால் அதன் மேல் புதுசாக யு.வி. பூச்சு போடாமல் அனுப்பாதே. இல்லாவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகி வந்து நிற்கும். மேட் ஃபினிஷ் வண்டியை எந்த மெஷினாலும் தொடாதே. ஒருமுறை பளபளத்த இடம் மறுபடி மேட் ஆகாது, மறுபடி பெயின்ட்தான் அடிக்க வேண்டும்.

ஆகவே பணத்தை இப்படிச் செலவழி. முதல் வாரம் பெயின்ட் கேஜ், 15 வீச்சு டி.ஏ., பேட் பத்து, ரெண்டு வகை காம்பவுண்ட், நல்ல மைக்ரோஃபைபர் துணி ரெண்டு டஜன். இதற்கு மேல் இப்போது கார் பக்கம் பணம் போடாதே. பஸ் பட்டறையிலிருந்து வேலை உறுதியானதும் பஃபிங் மோட்டார். ரோட்டரி அதற்கும் பிறகு. அது வந்ததும் பழைய இரும்புக் கடையில் ஒரு பானெட், ஒரு பம்பர் வாங்கிப் போட்டு, ஓரத்தில் வேண்டுமென்றே எரித்துப் பார். எத்தனை நொடியில் எரிகிறது என்று உன் கைக்குத் தெரிய வேண்டும். அந்தப் பாடம் வாடிக்கையாளர் வண்டியில் வேண்டாம்.

நீ படம் அனுப்பிய அந்த ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறது என்று அவசரப்படுத்துவார்கள். முடியட்டும், அடுத்த மாதம் வேறு ஆஃபர் வரும். டி.ஏ. மாடல் ரெண்டு மூன்றின் பேரும், அதற்கு ஆர்மேச்சர் எங்கே கிடைக்கிறது என்பதும் விசாரித்து எனக்கு எழுது. வாங்கும் நாளுக்கு முந்தின நாள் சொன்னால் காலை பஸ்ஸில் கிளம்பி வந்துவிடுகிறேன், கடைக்குச் சேர்ந்தே போகலாம். நான் வரும்வரை பில் போடாதே.



அன்புடன்,
உன் மாமா